கொக்குக் கண்ணியும் கேமராவும்

பறவையை நான் முதலில் பார்த்தது வானத்தில் இல்லை, சட்டியில்.

கார்த்திகை அடைமழை பிடித்துவிட்டால் எங்கள் தெருவில் யாருக்கும் வேலை இருக்காது. ஏலத்தோட்டத்துக்கு ஜீப் போகாது. கீழே காட்டிலும் கூப்பிட மாட்டார்கள். மூணு நாள், நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் அரிசிப்பானையைத் தடவிப் பார்க்கிற சத்தம் வீட்டுக்கு வீடு கேட்கும். அப்போது அய்யா கண்மாய்ப் பக்கம் போவார். நைலான் நரம்பில் சுருக்குப் போட்ட கண்ணிகளை மூங்கில் குச்சியில் வரிசையாகக் கட்டி, முழங்கால் தண்ணியில் ஊன்றி வைத்துவிட்டு, கரையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பொழுது சாய வரும்போது துண்டுக்குள் ரெண்டு மடையான் இருக்கும். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வோம். அம்மா வெந்நீர் ஊற்றி இறகு பிடுங்குவாள். பிடுங்கி முடித்தால் கால் கிலோகூடத் தேறாது. மிளகும் பூண்டும் எவ்வளவு தட்டிப் போட்டாலும் சேத்து வாடை போகாது. ஆறு பேருக்கு ரெண்டு கொக்கு. எலும்பையும் மென்று துப்பினோம்.

மடையான் உட்கார்ந்திருந்தால் மண் நிறம். பறந்தால்தான் வெள்ளை. "தண்ணியோரத்துல அசையாம கெடக்குற மண்ணாங்கட்டியப் பாரு தாயி. அதுல ஒரு கட்டிக்குக் கண்ணு இருக்கும், மஞ்சக் கண்ணு" என்பார் அய்யா. லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்குத் தேடித் தடுமாறுகிற பறவையை எட்டு வயசில் வெறுங்கண்ணால் கண்டுபிடித்தவள் நான். தின்பதற்காக. 1972ஆம் வருசத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இதைச் சொல்லாமல் நான் பறவைகளைப் பற்றி எழுதினால் அது பொய்யாக இருக்கும்.

பறவை பற்றி எழுதப் போகிறேன் என்றதும் தோழர் ஒருவர் கேட்டார்: "குடிசை எரிஞ்சுக்கிட்டிருக்கு, நீங்க கொக்கு பாக்குறீங்களா?" நியாயமான கேள்விதான். எனக்கு நானே பல தடவை கேட்டுக்கொண்ட கேள்வி. அதற்கு கேமரா கைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

1989இல் போடியில் சாதிக்கலவரம் நடந்தபோது நான் கைக்குழந்தை. என்னைச் சேலையில் முடிந்துகொண்டு அம்மா இருட்டில் ஓடிய கதையை வருசத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள். ஆனால் அன்றைக்கு எங்கள் தெரு இருந்த கோலத்துக்கு எங்களிடம் ஒரு படம் கிடையாது. வாயால் சொல்கிறோம், நம்புகிறவர்கள் நம்புகிறார்கள். எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு இயக்க வேலைக்கு வந்தபோது, உண்மை அறியும் குழுவோடு போய்ப் படம் எடுக்கிற வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டதற்கு இதுதான் காரணம். யாரோ சங்கத்துக்குக் கொடுத்த பழைய கேனன் கேமரா. உடைந்த கதவு, பாதி எரிந்த ரேசன் கார்டு, தையல் போட்ட மண்டை, பிணவறை வாசலில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்கள். பத்து வருசத்துக்குமேல் இதைத்தான் எடுத்தேன். எங்கள் சனங்களின் முகம் படத்தில் வருகிறது என்றால் ஒன்று அட்டைக்கு, இல்லாவிட்டால் அடிபட்ட பிறகு. ஒரு அம்மா என்னிடம் கேட்டாள்: "நல்லா இருக்கும்போது ஒரு நாளு வந்து எடுக்க மாட்டியா?"

ஒரு மாசி மாசம் அப்படிப்பட்ட ஒரு ஊரில் மூணு நாள் இருந்துவிட்டு வந்தேன். வீட்டுக்குள் போகப் பிடிக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கண்மாய்க்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் கிடந்தது. அதில் நாற்பது ஐம்பது மஞ்சள்மூக்கு நாரைகள். திறந்த அலகைக் கலங்கலுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டே மெல்ல மெல்ல நடக்கின்றன. அந்த நாரை கண்ணால் பார்த்து மீன் பிடிப்பதில்லை. அலகில் மீன் பட்டதும் வாய் தானாக மூடிக்கொள்ளும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இவ்வளவு நேரம் பார்க்கிறேன், யாரும் அடிவாங்கவில்லை. பைக்குள்ளிருந்த கேமராவைக் கை எடுத்தது. பதினேழு படம். பதினாறு ஆடிப்போயிருந்தது. ஒன்று தேறியது.

போடிக்கு மேற்கே மலை. மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்து ஏலமலை. குரங்கணி, கொழுக்குமலைச் சரிவில் விழுகிற மழை கொட்டகுடி ஆறாக இறங்கி, மீனாட்சியம்மன் கண்மாய், பங்காருசாமி நாயக்கர் கண்மாய் என்று எங்கள் பக்கத்துக் கண்மாய்களை நிரப்பிவிட்டுத் தேனிப் பக்கம் போகிறது. நான் உட்கார்ந்த கண்மாயின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் பின்னால் வருகிற ஆட்கள் யார் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால் அதற்கும் கரை கிழக்கேதான். காலையில் கரைமேல் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், வெளிச்சம் நேராகப் பறவைமேல் விழும். பறவைக்குப் பின்னால் மலை. படம் எடுக்கிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சாயங்காலம் உதவாது. சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் விழுந்துவிடும்.

ஆனால் விடியக்காலையில் அந்தக் கரை எங்கள் தெருப் பெண்களுடையது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த கக்கூசுகளில் தண்ணி வராததால் விறகு அடுக்கியிருக்கிறோம். வேலிக்கருவேல் மறைவைத் தவிர வேறு மறைவு இல்லை. அங்கே போய் நான் கேமராவோடு நின்றால் சும்மா விடுவார்களா? சித்தி முறை ஆகிறவள் ஒருத்தி கத்தினாள்: "ஏண்டி படிச்ச கழுதெ, நாங்க குந்துற எடத்துல உனக்கு என்னடி போட்டாப் பொட்டி?" வெட்கமாகப் போய்விட்டது. நானும் அங்கேதானே குந்தி வளர்ந்தேன். அன்றைக்கு ஒரு ஒப்பந்தம் ஆனது. கடைசிப் பெண் கரையைவிட்டு இறங்குகிற வரைக்கும் கேமரா பையைவிட்டு வெளியே வராது. கருவேல் பக்கம் எப்போதும் திரும்பாது. அதற்குள் விடியலின் மஞ்சள் வெளிச்சம் பாதி போய்விடும். என் படங்கள் கொஞ்சம் வெளுத்திருப்பதாகப் போட்டிக்காரர்கள் குறை சொல்கிறார்கள். காரணத்தை விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பிறகு அந்தப் பெண்கள்தான் எனக்குச் சேதி சொல்லிகளாக ஆனார்கள். இருட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களின் காது கூர்மையானது. "ராத்திரி விசிலடிச்சுக்கிட்டே ஒரு கூட்டம் எறங்குச்சுடி" என்றால் சீழ்க்கைச் சிறகி வந்திருக்கிறது என்று அர்த்தம். விடிந்து போய்ப் பார்த்தால் நாணல் ஓரத்தில் இருக்கும். நீளவால் இலைக்கோழி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் காட்டினேன். ஆகாயத்தாமரைமேல் நீண்ட விரல்களை ஊன்றி நடக்கிற பறவை. இதில் பெட்டை பெரிசு. முட்டையிட்டுச் சேவலிடம் விட்டுவிட்டு வேறு சேவலிடம் போய்விடும். அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் சேவலின் பாடு. இதைச் சொன்னதும் கரையில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரமானது. "அடுத்த பிறவியில இதுவாப் பெறக்கணும்டி" என்று சித்தி சொன்னாள். மூணு பிள்ளைகளோடு புருசன் விட்டுவிட்டுப் போனவள் அவள்.

எங்கள் தாத்தா அந்தக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். மடையைத் திறக்க வேண்டுமென்றால் நிறைந்த தண்ணிக்குள் மூச்சைப் பிடித்து முங்கிப்போய்க் கல்லைப் பெயர்க்க வேண்டும். தண்ணி உள்ளே இழுத்தால் ஆள் திரும்ப மாட்டான். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணி என்பது தாத்தாவின் தலைக்குள் இருந்தது. ஆனால் அவருக்கென்று பாயச் சொந்த வயல் ஒரு குழிகூடக் கிடையாது. அறுவடையில் களத்து மூலையில் நின்று வாங்குகிற நெல்தான் கூலி. அந்தப் பங்குக்கு அந்தக் காலத்தில் என்ன பெயர் தெரியுமா? சுதந்திரம். 1947க்கு முன்னாலேயே எங்களுக்கு மரக்கால் கணக்கில் சுதந்திரம் கிடைத்துக்கொண்டிருந்தது. கரையில் உடைப்பு எடுத்தால் கூப்பிடுவது எங்களை. கோயில் பக்கத்துப் படித்துறையில் இறங்கினால் விரட்டுவதும் எங்களை.

தாத்தா பறவையை வைத்துத் தண்ணியைக் கணிப்பார். முக்குளிப்பான் முங்குகிற இடத்தில் ஆழம் இருக்கிறது. உள்ளான் ஓடுகிற இடத்தில் சேறு வெளியே வந்துவிட்டது. நெடுங்கால் உள்ளான் நிற்கிற இடத்தில் அதன் சிவப்புக்காலில் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து அளவு சொல்வார். நத்தைகுத்தி நாரை கூட்டமாக இறங்கினால் வயலில் நத்தை பெருத்திருக்கிறது. அந்த நாரைக்கு அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும். "நத்தை தின்னு தின்னு தேஞ்சு போச்சு" என்று தாத்தா சொன்னதாக அய்யா சொல்வார். விஞ்ஞானிகள் இதைப் பற்றி வேறு விதமாகவும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். தாத்தாவுக்கு ஒரு கருத்து இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

நான் எம்.ஏ. படித்தபோது பறவைகள் வேறு மாதிரி வந்தன. அன்றில், மகன்றில், குருகு, கம்புள். உரையைப் பார்த்தால் "ஒருவகைப் பறவை" என்று இருக்கும். வாத்தியாரைக் கேட்டால் அவரும் அதையே சொல்வார். ஒருவகைப் பறவை என்று எழுதிப் பத்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். சத்திமுற்றப் புலவர் மனைவிக்குத் தூது விட்ட செங்கால் நாரை தெற்கே வந்து மறுபடி வடக்கே திரும்புகிற பறவை என்று அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. அது வலசை வருகிற பறவை என்பதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை. வறுமையின் சுவை பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசினார்கள்.

நம்பியகப்பொருளில் மருதத்தின் கருப்பொருளைச் சொல்கிற சூத்திரத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். நாரையும் குருகும் தாராவும் எருமையும் நீர்நாயும் வருகிற அதே பட்டியலில் கடையரும் கடைச்சியரும் வருகிறார்கள். பறவை, விலங்கு, மரம், பறை, கடைச்சி. நாங்கள் அந்த நிலக்காட்சியில் ஒரு பொருள். பார்க்கப்படுகிறவர்கள், பார்க்கிறவர்கள் இல்லை. கண்மாய்க்கரையில் கேமராவோடு நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சூத்திரம் ஞாபகம் வரும். பட்டியலிலிருந்து ஒரு கடைச்சி எழுந்து வந்து நாரையைப் படம் எடுக்கிறாள். இலக்கண ஆசிரியர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பெயர் விசயத்தில் வெள்ளைக்காரனும் குறைந்தவன் இல்லை. எங்கள் கண்மாய்க்குமேல் ரெண்டு பருந்து சுற்றும். ஒன்று வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடம்பும் உள்ளது. கருடன், கிருஷ்ணப்பருந்து என்று ஊரில் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இதற்கு ஆங்கிலப் பெயர் பிராமினி கைட். இன்னொன்று கரும்பருந்து. குப்பைமேட்டில், கறிக்கடை வாசலில், செத்த மாடு கிடக்கிற இடத்தில் இருக்கும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் பறையா கைட். ஆமாம், எங்கள் பெயர்தான். தமிழிலிருந்து கப்பலேறி ஆங்கில அகராதிக்குப் போய், ஒதுக்கப்பட்டவன் என்கிற அர்த்தத்தோடு திரும்பி வந்து ஒரு பருந்தின் தலையில் உட்கார்ந்துகொண்டது. சாலிம் அலி 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய புகழ்பெற்ற நூலிலும் இந்த ரெண்டு பெயரும் இப்படியேதான் வந்தன. பிராமினி மைனா உண்டு, பிராமினி வாத்து உண்டு. நூலகத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்றைக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் டீ குடித்தேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன்.

வேடிக்கை என்னவென்றால், சைவம் என்று நினைக்கத் தோன்றுகிற அந்தப் பிராமினி கைட் நாள் முழுக்க மீனும் நண்டும் தவளையும் தின்கிறது. துறைமுகங்களில் கழிவும் பொறுக்குகிறது. தீண்டத்தகாத பருந்தின் நம் நாட்டு இனத்துக்கோ விஞ்ஞானப் பெயரில் கோவிந்தா என்று இருக்கிறது. இப்போது புத்தகங்களில் பறையா கைட் போய் பிளாக் கைட் என்று ஆகிவிட்டது. பிராமினி கைட் மட்டும் அதே பெயரில் பறந்துகொண்டிருக்கிறது. இழிவை எடுத்துவிட்டார்கள், உயர்வை எடுக்கவில்லை. அமெரிக்காவில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட படையின் தளபதி ஒருவன் பெயரைச் சுமந்திருந்த குருவிக்கு 2020இல் பெயரை மாற்றினார்கள். 2023 நவம்பரில் அமெரிக்கப் பறவையியல் கழகம், தன் பொறுப்பில் இருக்கிற பறவைகளுக்கு ஆட்களின் பெயரால் வைத்த ஆங்கிலப் பெயர்களையெல்லாம் மாற்றப்போவதாக அறிவித்தது. இங்கே அந்தப் பேச்சை எடுத்தால், "பறவையில்கூட சாதி பாக்குறீங்களே" என்று நம்மைத்தான் கேட்பார்கள்.

கரையில் என்னைக் கேட்டவரும் அப்படித்தான். நல்ல வேட்டி, புல்லட் வண்டி. நான் கிளுவைக் கூட்டத்துக்காக மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். ஐப்பசி கடைசியிலிருந்து பங்குனி வரைக்கும் இங்கே இருந்துவிட்டு வடக்கே போய்விடுகிற வாத்து அது. வண்டியை நிறுத்தி, கேமராவைப் பார்த்து மரியாதையாகத் தொடங்கினார். "பத்திரிக்கையிலருந்து வந்திருக்கீகளா மேடம்?" இல்லைங்க, இந்த ஊருதான் என்றேன். "இந்த ஊருன்னா எந்தத் தெரு?" சொன்னேன். முகம் மாறியது. "யாரு மக நீ?" அய்யா பெயரைச் சொன்னேன். "அவன் மகளா? கொக்குக் கண்ணி வச்சுக்கிட்டுத் திரிவானே. கேமரா ஏது?" மேடம் நீயாக ஆனது மூன்றாவது கேள்வியில். நான் பயப்படவில்லை என்று எழுத ஆசைதான். பயந்தேன். கரையில் வேறு யாரும் இல்லை. சங்கத்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். அதை ஏன் காட்டினேன் என்று இன்றைக்கும் என்மேல் கோபம். எங்கள் தாத்தா முங்கித் திறந்த கண்மாயில் வாத்து பார்க்க எனக்கு அட்டை எதற்கு?

2020 மே 25ஆம் தேதி நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் கிறிஸ்டியன் கூப்பர் என்கிற கறுப்பினத்தவர் பறவை பார்த்துக்கொண்டிருந்தார். நாயைக் கட்டிப் பிடியுங்கள் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் சொன்னார். அது அங்கே விதி. அந்தப் பெண், ஒரு கறுப்பன் என்னை மிரட்டுகிறான் என்று போலீசுக்குப் போன் செய்தாள். அவர் அதைப் போனில் படம் பிடித்ததால் உலகத்துக்குத் தெரிந்தது. அதே நாளில்தான் மினியாபொலிசில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ் கொன்றது. அந்த வாரம் முடிவதற்குள் கறுப்பினப் பறவை பார்ப்போர் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு வாரத்தை அறிவித்தார்கள். அந்த வீடியோவைப் பார்த்தபோது பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிய அந்த மனிதரின் குரல் நடுங்காமல் இருந்ததைக் கவனித்தேன். என் குரல் நடுங்கியது.

இதுவரை எழுதியது சுலபம். இனி எழுதுவதுதான் கஷ்டம்.

ஒரு தை மாசம் கண்மாயில் கூழைக்கடாக்கள் இறங்கின. இருபத்திரண்டு. அத்தனை எங்கள் கண்மாயில் நான் பார்த்ததே இல்லை. மலை பின்னணியில் அவை வரிசையாக மிதக்கிற படம் ஒன்று நன்றாக அமைந்துவிட்டது. நண்பர் ஒருவர் கேட்டார், கொடுத்தேன். அவர் ஒரு நாளிதழுக்குக் கொடுத்தார். மாவட்டப் பக்கத்தில் கண்மாய் பெயரோடு வந்தது. கீழே ரெண்டு வரி: அரிய பறவைகள், வேட்டையாடப்படும் அபாயம். அந்த ரெண்டாவது வரி நான் எழுதியதில்லை. அடுத்த வாரமே ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன், பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன், ரெண்டு மடையானோடும் ஒரு கட்டுக் கண்ணியோடும் பிடிபட்டான். ராத்திரி முழுக்க வைத்திருந்தார்கள். அபராதம் கட்டி மீட்க அவன் அம்மா தோடு அடகுக்குப் போனது.

அதே கண்மாயில் மீன்பாசி ஏலம் எடுத்த குத்தகைதாரர் நீர்க்காகத்தையும் கூழைக்கடாவையும் விரட்டத் தினமும் வெடி போடுகிறார். நைலான் வலையைத் தண்ணிக்கு மேலே கட்டியிருக்கிறார். அதில் நீர்க்காகங்கள் சிக்கித் தலைகீழாகத் தொங்கிச் சாகும். வந்த அதிகாரிகள் அந்த வலையைத் தாண்டித்தான் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். வெடி வேட்டை இல்லை, வலை வேட்டை இல்லை, பசிக்கு வைக்கிற கண்ணிதான் வேட்டை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்துப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி சனங்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்று வருசா வருசம் பத்திரிகைகளில் படிக்கிறோம். நல்ல சனங்கள். எங்கள் கண்மாயில் குத்தகைக்காரருக்கு எல்லா நாளும் தீபாவளி.

தெருவில் கூடினார்கள். என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். "நீ படம் போடலைன்னா அவுக இங்க ஏன் வாராக?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் இல்லை. எத்தனையோ கிராமங்களில் இப்படி உட்கார்ந்து அடுத்தவர்களைக் கேள்வி கேட்டிருக்கிறேன். கேள்விக்கு முன்னால் உட்கார்ந்தது அப்போதுதான். கொக்கைக் கொல்லலாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது எங்கள் தெருவில் ரேசன் அரிசி வருகிறது. பையன்கள் கண்ணி வைப்பது பசிக்கு மட்டும் அல்ல, பாட்டிலுக்குத் தொட்டுக்கொள்ளவும்தான். அதையும் சொன்னேன். சொன்னதும் கூட்டத்தில் பாதி எழுந்து போனது. அபராதத்தில் பாதியை நான் கொடுத்தேன். அந்தப் பையன் இன்று வரைக்கும் என்னோடு பேசுவதில்லை. வழியில் பார்த்தால் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு போகிறான்.

அதன் பிறகு படங்களைப் பத்திரிகைக்குக் கொடுப்பதில்லை. வலையில் தொங்குகிற நீர்க்காகங்களை எடுத்தேன், தேதி போட்டு, பன்னிரண்டு படம். பழைய பழக்கம் உதவியது. எரிந்த குடிசையை எடுக்கிற மாதிரியே எடுத்தேன், தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, அடையாளம் தெரிய ஒன்று. மனுவோடு சேர்த்துக் கொடுத்து எட்டு மாசம் ஆகிறது. ரசீது இருக்கிறது. வலையும் இருக்கிறது.

பங்குனி வந்தால் வடக்கத்திப் பறவைகள் போய்விடும். சித்திரை, வைகாசியில் கண்மாய் வெறும் தரை. ஆட்டுக்காரர்களும் கிரிக்கெட் விளையாடுகிற பிள்ளைகளும்தான். அந்த வெடித்த மண்ணில் ஆள்காட்டி முட்டையிடும். கூடெல்லாம் கிடையாது, நாலு கல்லு நாலு முட்டை. கிட்டே போனால் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். நான் எடுப்பதில்லை, விலகிப் போய்விடுவேன். ஆடிக்காற்று கணவாய் வழியாக இறங்கிப் புழுதியைக் கிளப்பும்போது மலைக்கு அந்தப் பக்கம் மழை. அங்கே காய் எடுப்பு தொடங்கும். போடியில் ஏலத்துக்கும் ஏலம், கண்மாய்க்கும் ஏலம். ரெண்டிலும் கேட்கிறவர்கள் நாங்கள் இல்லை. எடுக்கிறது மட்டும் நாங்கள்.

அம்மா முப்பது வருசமாகப் போகிறாள். இருட்டோடு எழுந்து, சோற்றுச் சட்டியைத் தூக்கில் போட்டுக்கொண்டு, ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று கணக்கில்லாமல் அடைந்துகொண்டு, போடிமெட்டு வளைவுகளில் ஏறி, கேரளத்துத் தோட்டத்தில் இறங்குவாள். ஏலச்சரம் தட்டைக்கு அடியில் தரையோடு கிடக்கும். நாள் முழுக்கக் குனிந்தே காய் எடுக்க வேண்டும். முந்தின நாள் அடித்த மருந்து இலையிலிருந்து கழுத்தில் சொட்டும். எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாசம் தடை செய்தது. அதற்குப் பிறகு வந்த மருந்துகளின் பெயர் அம்மாவுக்குத் தெரியாது. வாடைதான் தெரியும். விரல் நுனியில் தோல் உரிந்துகொண்டே இருக்கும். கைரேகை விழாமல் ரேசன் கடையில் ரெண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள்.

புரட்டாசியில் ஒரு நாள் வந்து சொன்னாள். "ஓடையில வாலாட்டிக்கிட்டே திரியுமே, மஞ்ச வயித்துக்காரி, அவ வந்துட்டாடி." சாம்பல் முதுகு, நீள வால், மஞ்சள் வயிறு. இமயமலைப் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் குளிர்காலத்துக்கு இறங்கி நம் மலை ஓடைகளுக்கு வருகிற வாலாட்டி. கீழே கண்மாயில் வாத்து வருவதற்கு ஒரு மாசத்துக்கு முன்னாலேயே மலைக்கு வந்துவிடும். என் நோட்டில் அதற்குப் பதிவே இல்லை. அம்மா வருசா வருசம் பார்த்திருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "மருந்தடிச்ச அன்னிக்கு அவ ஓடைப் பக்கம் வர மாட்டா. எங்களுக்குத்தான் வராம முடியாது" என்றாள்.

கேமராவோடு ஜீப்பில் ஏறினேன். தோட்டத்து வாசலில் கங்காணி தடுத்துவிட்டார். "போட்டா புடிச்சு எங்க மேல கேஸ் போடவா?" அவரும் எங்கள் ஆள்தான், தேவாரம் பக்கம். அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் ரோட்டோரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் அம்மா தன் போனை நீட்டினாள். தம்பி வாங்கிக் கொடுத்த சின்னப் போன், கண்ணாடியில் கீறல். மதியம் சோறு தின்கிற நேரத்தில் எடுத்தாளாம். பதினோரு படம். ஆறில் அவள் கட்டைவிரல். மூணில் வெறும் பாறை. ஒன்றில் சோற்றுச் சட்டி. கடைசிப் படத்தில் பாறை ஓரத்தில், தண்ணிக்கு ஒட்டி, மஞ்சளாக ஒரு தீற்றல், பின்னால் வால் ஆடிப்போய் ரெண்டாகத் தெரிகிறது. அதுதான்.

நோட்டை எடுத்து எழுதினேன். தேதி, இடம், பறவை, எண்ணிக்கை ஒன்று. பார்த்தவர் என்கிற இடத்தில் அம்மா பெயர். என்ன எழுதுகிறாய் என்றாள். படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இத எழுதிக் குடுத்தா காசு எதுவும் குடுப்பாகளா?" என்றாள்.